பாதியில் நின்ற பின்னப் பாடம்

கணினி வழிப் பாடங்கள் தயாரிக்கும் வேலைக்கு என்னை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருந்தார்கள். கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் என் டிப்ளோமா சான்றிதழை நாலு தரம் எடுத்துப் பார்த்தேன். பட்டம் இல்லை. பத்து வருடம் கணிதம் படிப்பித்திருந்தேன், அவ்வளவுதான்.

அங்கிருந்த பெண் அதிகாரி மூன்று மென்பொருள்களின் பெயர்களைச் சொல்லி, பழக்கமா என்று கேட்டார். ஒன்றுதான் தெரியும் என்றேன்.

"நீங்க செய்த பாடம் ஏதாவது சரிவராமப் போயிருக்கா?"

"ஓம். பின்னம் படிப்பிக்க ஒரு வீடியோ செய்தேன். புள்ளைகள் பாதியிலயே நிப்பாட்டிட்டாங்க. ஏனெண்டு விளங்கல்ல. ஒரு புள்ளைட வீட்டுக்குப் போய்ப் பக்கத்துல இருந்து பார்த்தேன். அவள்ட உம்மாட சின்னப் போன்லதான் பாடம் பார்த்தா. நான் எழுதின இலக்கம் ஒண்டும் அவளுக்குத் தெரியல்ல. கோல் வந்தா உம்மாட்ட போனைக் குடுக்கவும் வேணும்."

"பிறகு?"

"எழுத்தைப் பெரிசாக்கி, வீடியோவை மூணு துண்டா வெட்டினேன். திரும்பவும் போய் இருந்து பார்த்தேன். கடைசி வரைக்கும் பார்த்துட்டு, கணக்கையும் செஞ்சிட்டா."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று முகத்தில் தெரியவில்லை.

இரண்டு கிழமை, போன் அடிக்கும்போதெல்லாம் அடுப்பை விட்டு ஓடினேன். கடைசியில் அந்த அதிகாரியே அழைத்தார். வேலை எனக்குத்தான், மற்ற இரண்டு மென்பொருள்களையும் ஆறு மாதத்துக்குள் படித்துவிட வேண்டும். ஓம் என்றேன். சந்தோஷப்படக்கூடப் பொறுமையில்லாமல், அன்று பின்னேரமே முதலாவதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.