பெஞ்சுக் கதவு

பனி ஹாக்கியில் ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். களத்தில் இறக்கப்படாத இரண்டாவது கோல்கீப்பர்தான் பெஞ்சில் உட்கார்ந்து, களத்தைச் சுற்றியுள்ள தடுப்பின் கதவை அவர்களுக்குத் திறந்து மூட வேண்டும். குவைத்தில், என் பதினாறாவது வயதில், ஒரு சீசன் முழுக்க நான் செய்தது அதைத்தான். எங்கள் கோச் கனடாவிலிருந்து வந்த தமிழர். கோலில் தன் மகனைத்தான் நிறுத்துவார்.

கடைசி ஆட்டத்துக்கு அப்பா ஃபஹாஹீலிலிருந்து டூட்டி யூனிஃபார்மோடே வந்திருந்தார். "என் பையன் எப்ப சார் இறங்குவான்?" என்று கோச்சிடம் கேட்டார்.

"கதவு திறக்கவும் ஒரு ஆள் வேணும்ல?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பிறகு ஐரோப்பாவில் ஒன்பது வருடம் சம்பளத்துக்குக் கோல் காத்தேன். முழங்கால் போனதும் ஓய்வு பெற்றுக் குவைத்துக்கே திரும்பி வந்தேன். இப்போது அதே அரங்கில் வெள்ளிக்கிழமை ஆட்டங்களை நடத்துகிறேன். யாரை இறக்குவது என்பதும் என் முடிவு, விசிலும் என் கையில்.

போன மாதம் அந்தக் கோச் புது ஸ்கேட்டோடு ஆட வந்தார். "இவன் நான் உருவாக்குன பையன்" என்று என்னைக் காட்டி எல்லாரிடமும் பெருமையடித்தார்.

"அங்கிள், கதவுகிட்ட உட்காருங்க" என்றேன்.

ஆட்டம் முழுக்கத் திறந்தார், மூடினார். கடைசியில் பொறுக்காமல், "என்னை எப்ப தம்பி இறக்குவே?" என்றார்.

"கதவு திறக்கவும் ஒரு ஆள் வேணும்ல, அங்கிள்?"

விசில் ஊதி ஆட்டத்தை முடித்துவிட்டுக் கதவருகே வந்தேன். தாழ்ப்பாள் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் எழுந்து வந்து திறக்கும்வரை நின்றேன்.