ஜாதிக் கட்டத்துக்கு ஒரு பூட்டு

நாளைக்கு துணி வாங்கற வெளிநாட்டுப் பையருங்க, ஆளுங்களை எப்படி நடத்தறோம்னு பாக்க எங்க பனியன் கம்பெனிக்கு வர்றாங்களாம். அதுக்காக இன்னிக்கு முதலாளி என்னைக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சாரு.

"தம்பி, ஆளுங்க விவரத்துல ஜாதிங்கற கட்டம் என்னைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாதுங்க."

"அழிச்சே போடலாமுங்க. ஒரே வரி கமாண்டுதான்."

"அழிச்சுட்டா யாரை எங்க வெக்கறதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

நூல் கலர் கேக்கற மாதிரி சாதாரணமாக் கேட்டாரு.

கறுப்புத் திரையில கமாண்ட் அடிச்சுப் பூட்டினேன். மத்தவங்க லாகின்ல அந்தக் கட்டத்துக்கு அனுமதி இல்லைன்னு வந்துச்சு. மனுசன் சந்தோசமா எனக்கு டீ சொன்னாரு.

அவரு லாகின்ல சரிபாத்தேன். என் பேருக்கு நேராவும் நிரப்பியிருந்துச்சு. நான் அங்க யாருகிட்டயும் சொன்னதே இல்லீங்க.

டீயை அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன்.

உங்க கம்பெனியில உங்க பேருக்கு நேரா என்ன இருக்குதுன்னு பாத்துட்டு, நம்ம கம்ப்யூட்டர் ஆளுங்க மெயில் குரூப்புல எழுதுங்க.