மலை கூடாத வருஷம்

கஸ்தூரிரங்கன் கோல்ஃப் கற்றுக்கொண்டது ஆசைப்பட்டு அல்ல. அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் அவர் கெமிஸ்டாக இருந்த மருந்துக் கம்பெனியில், யாருக்கு எந்த ப்ராஜெக்ட், யாருக்கு ப்ரமோஷன் என்பதெல்லாம் சனிக்கிழமை காலையில் புல்தரையிலேயே முடிவாகிவிடும். திங்கட்கிழமை மீட்டிங் வெறும் சம்பிரதாயம். இது புரியவே அவருக்குப் பல வருஷம் பிடித்தது. புரிந்ததும் ஒரு செட் மட்டை வாங்கினார். திருவல்லிக்கேணியில் கிரிக்கெட் மட்டையைக்கூட ஒழுங்காகப் பிடிக்காத மனிதருக்கு அந்த வெள்ளைப் பந்து எப்படியோ வசப்பட்டது. ப்ரமோஷன் வந்ததோ இல்லையோ, பைத்தியம் பிடித்துவிட்டது.

அவர் மனைவி ருக்மிணிக்கு நடை. சாயங்காலம் சமையலை முடித்த கையோடு, புடவைக்கு மேல் கோட்டும் காலில் கான்வாஸ் ஷூவுமாகக் கிளம்பிவிடுவாள். நடைபாதையே இல்லாத தெருக்கள். கார் ரிப்பேரா, கொண்டுவிடட்டுமா என்று வண்டியை நிறுத்திக் கேட்காத அக்கம்பக்கத்தார் இல்லை. காரணமே இல்லாமல் ஒருத்தி நடப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

இருவரும் சேர்ந்து ஊர் பார்க்கப் போனதே கிடையாது. லீவு என்றால் மெட்ராஸ். பெட்டி நிறைய சாமான், வீட்டுக்கு வீடு சாப்பாடு, வந்த களைப்பு தீர இன்னொரு லீவு. எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்.

எண்பத்தாறில் ருக்மிணி கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பக்கத்தில் வைத்த டம்ளர் தெரியாமல் கை பட்டுக் கவிழ்ந்தது. கண் டாக்டர் நாலைந்து டெஸ்ட் எடுத்துவிட்டு, விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டு வருகிறது, இதற்கு மருந்து கிடையாது, எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்லவும் முடியாது என்றார். பார்க்க வேண்டியதைச் சீக்கிரம் பார்த்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் ருக்மிணி அழவில்லை.

"ஏன்னா, எனக்கு ஒரு பெரிய மலை பாக்கணும். அடிவாரத்துல நின்னு முழுசாப் பாக்கணும். அப்பறம் மேல ஏறணும்" என்றாள்.

அமெரிக்காவில் மலைக்குப் பஞ்சமா என்று கேட்கலாம். பஞ்சமில்லைதான். ஆனால் ஸ்காட்லாந்தில் அவளுக்கு மலை, தனக்கு கோல்ஃப் என்று இவர் கணக்குப் போட்டார். சாப்பாட்டு மேஜையில் மேப்பும் டூரிஸ்ட் புத்தகங்களும் பரப்பியாயிற்று. கடைசியில் இரண்டு ஊர் நின்றன. ஒன்று ஃபைஃப் பக்கம் கடலோர ஊர். உலகமே வந்து ஆடும் கோல்ஃப் மைதானங்கள், நடக்க நீளமான கடற்கரை, எல்லாம் சமதரை. இன்னொன்று பெர்த்ஷயரில் ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். வீட்டு வாசலிலிருந்தே மலைப்பாதை. கோல்ஃப் என்று பார்த்தால் பதினெட்டுக்குப் பதில் ஒன்பதே குழி, அதிலும் பாதியில் ஆடு மேயும்.

"இது உன்னோட ட்ரிப். நீயே டிசைட் பண்ணு" என்றார்.

ருக்மிணி ஏரியின் மேல் விரலை வைத்தாள். அவர் ஒன்பது குழியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அடுத்த ஜூனுக்கு அடுப்பு வசதியுள்ள வீடாகப் பார்த்து புக் பண்ணினார். இவர்கள் சாப்பாடு ஹோட்டலில் கிடைக்காதே.

ஜனவரியில் அவர் அம்மா போய்விட்டாள். இவர் மெட்ராஸ் போய்ச் சேருவதற்குள் தகனம் முடிந்திருந்தது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காரியங்கள் முடிந்து கிளம்பும்போது அண்ணா அனந்தராமன் ஏர்போர்ட்டில் வைத்துச் சொன்னார்: "ஒரு வருஷம், வருஷாப்தீகம் ஆறவரைக்கும் மலை ஏறப்படாது. பண்டிகை கிடையாது. நீயும் சரி, ருக்மிணியும் சரி. அம்மாவுக்கு நாம பண்றது இவ்வளவுதான்."

கடல் தாண்டுவதும் கூடாதவற்றில் ஒன்றுதான். அதை அண்ணாவும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. லீவு முடிகிறதே!

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், காலேஜில் படிக்கும் மகள் ஷ்யாமளா, "அப்பா, ஹூ இஸ் கோயிங் டு நோ?" என்றாள்.

"எனக்குத் தெரியுமே" என்றார் அவர்.

பொய்யில்லை. சயின்ஸ் படித்த மனிதர்தான், இதையெல்லாம் நம்புகிறவரும் அல்ல. ஆனால் கடைசியாக அம்மா முகத்தைப் பார்க்காத பிள்ளை, இது ஒன்றையாவது ஒழுங்காகச் செய்ய நினைத்தார். ஏரிக்கரை வீட்டை கேன்சல் பண்ணிவிட்டு, கடலோர ஊரில் புக் பண்ணினார். அங்கே மேடே கிடையாது, தோஷமில்லை.

"அப்ப அடுத்த வருஷம் அங்க போலாமா?" என்று கேட்டாள் ருக்மிணி.

"கண்டிப்பா. மலை எங்க ஓடிடப்போறது?"

மலை ஓடாது. அவர் நினைத்துப் பார்க்க வேண்டியது மலையை அல்ல.

அந்த ஜூனில் கஸ்தூரிரங்கன் தன் வாழ்நாளிலேயே நன்றாக ஆடினார். கூட ஆடிய ஸ்காட்லாந்துக்காரர்கள் கைகுலுக்கினார்கள். ருக்மிணி கடற்கரையில் தனியாக நடந்தாள். ஒரு நாள் மேகம் விலகி, வடக்கே தூரத்தில் நீலமாக மலைகள் தெரிந்தன. அன்று அவர் மட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"பஸ் இருக்காம். நான் மட்டும் ஒருநாள் போய்ட்டு வரட்டுமா?"

"ரெண்டு பேருக்கும்தான் கூடாதுன்னு அண்ணா சொன்னானே."

"மலை கூடாது. கோல்ஃப் மட்டும் கூடுமா?"

சாஸ்திரம் எழுதியவர்களுக்கு கோல்ஃப் தெரியாது. அந்தச் சந்தில் நுழைந்துதான் தினம் ஆடிக்கொண்டிருந்தார். அது அப்போதே அவருக்கு உறைத்தது. உறைத்தும் மறுநாள் காலை மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். ரொம்ப நாளாக ஆசைப்பட்ட மைதானத்தில் இடம் கிடைத்திருந்தது. அவர்மேல் கோபம் வராமல் இருப்பது கஷ்டம்.

அந்தக் குளிர்காலத்தில் ருக்மிணியின் பார்வை மளமளவென்று இறங்கியது. சாயங்கால நடை நின்றது; ஒரு கார் கிறீச்சென்று ப்ரேக் போட்ட பிறகு அவளே நிறுத்திவிட்டாள். எதிரில் இருப்பவர் முகமே கண் தனி, வாய் தனி என்று துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. கஸ்தூரிரங்கன் ஜனவரியில் மெட்ராஸ் போய் வருஷாப்தீகத்தைக் குறைவில்லாமல் செய்துவிட்டு வந்தார். ஜூனில் இருவரும் ஏரிக்கரை ஊருக்குப் போனார்கள். அவர் மட்டைகளை எடுத்துக்கொள்ளவில்லை.

மழை விட்ட ஒரு காலையில், அடிவாரத்தில் ஒரு பெஞ்சில் அவளை உட்கார வைத்தார். மலை கண்ணெதிரே நின்றது. ருக்மிணி தலையை இப்படியும் அப்படியும், மேலும் கீழும் திருப்பினாள். கொஞ்சம் பச்சை, கொஞ்சம் பாறை, கொஞ்சம் வானம். அடுத்ததைப் பார்ப்பதற்குள் முந்தியது போய்விட்டது.

"எங்க ஆரம்பிக்கறது, எங்க முடியறதுன்னே தெரியலை. ஒண்ணோட ஒண்ணு சேரலை. நீங்க சொல்லுங்கோ, எப்படி இருக்கு?"

"பச்சையா இருக்கு. மேல கொஞ்சம் ப்ரௌனா..." என்று ஆரம்பித்தார். பக்கம் பக்கமாக ரிப்போர்ட் எழுதுகிறவர், ஒரு மலையைச் சொல்லத் தெரியாமல் அழுதார்.

"போன வருஷமே வந்திருக்கணும், ருக்கு."

பரவாயில்லை விடுங்கோ என்பாள் என்று எதிர்பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டுப் பழகிய பதில் அது.

"ஆமாம். வந்திருக்கணும்" என்றாள் ருக்மிணி.

பிறகு அவள் எழுந்து, துழாவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதை எந்தப் பக்கம்? கால் நன்னாத்தானே இருக்கு. ஏறலாம் வாங்கோ."

ஏறினார்கள். "கல் இருக்கு", "இங்க ஈரம்", "இது பெரிய படி" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி மலையில் காற்று பலமாக அடித்தது.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"அப்ப நிக்காதீங்கோ."

கீழே ஏரி முழுசாகத் தெரிந்தது. சுற்றிலும் மலைக்குப் பின்னால் மலையாக, அவள் பார்க்க ஆசைப்பட்டதெல்லாம் விரிந்து கிடந்தது. கஸ்தூரிரங்கன் எதையும் பார்க்கவில்லை. அவளுடைய அடுத்த அடி எங்கே விழுகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினார்.