கறுப்பு வெள்ளி

கொழும்பு கொட்டாஞ்சேனையில், தீக்காயத்துக்குக் கட்டும் மருந்துத் துணி செய்கிற சிறிய நிறுவனமொன்றில் வேலை செய்தேன். துணியில் ஏற்றுவதற்கு நானோ வெள்ளித்தூள் வரும். பேர்தான் வெள்ளி, பார்வைக்குக் கரித்தூள். மூச்சுப் பட்டாலே எழும்பிவிடும் என்பதால், காற்றை உறிஞ்சும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் நிறுப்போம்.

அன்று தூள் போத்தலுக்குள் கரண்டியை விட்ட நேரம் கரண்ட் போனது. பெட்டியின் விசிறி நின்றது.

"அசையாத. மெதுவா மூடியப் போடு," என்றார் என்னோடு வேலை செய்த அக்கா.

மூடியைத் தேடிய கை கரண்டியில் தட்டிற்று. கரண்டித் தூள் சிந்தியது. அதற்குள் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. பெட்டி விசிறியைக் கையால் போடவேண்டும். அறை ஏசியோ தானாகவே ஓடத் தொடங்கி முகத்துக்கு நேரே ஊதியது. பெட்டியின் வாயிலிருந்து மெல்லிய புகைபோல ஒன்று எழும்பி என்னிடம் வந்தது. நல்ல முகமூடிகள் முடிந்து போயிருந்தன. நான் போட்டிருந்தது கடையில் வாங்கிய சாதாரண நீல முகமூடி.

வெளியே ஓடிவந்து மனேஜரிடம் சொன்னோம். சிரித்தார். "வெள்ளிதானே? பிள்ளைகளுக்கு வெள்ளிக் கரண்டியில பால் குடுக்கிறதில்லையா?"

வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வரும்போது இருமல் தொடங்கியது. தூளா, பயமா, தெரியவில்லை. ஃபிளாட் கதவைத் திறந்ததும் மகன் ஓடிவந்தான். இரண்டு வயது.

"கிட்ட வராதை!"

'வராதேங்கோ' என்று மரியாதையாகவே பேசிப் பழக்கிய பிள்ளை. அப்படியே நின்று, பிறகு வீரிட்டு அழுதான். கணவர் ஓடிவந்து தூக்கினார். நான் உடுப்பைக் கழற்றி ஷொப்பிங் பையில் கட்டிவிட்டுக் குளித்தேன். தலையை எத்தனை தரம் கழுவியும் போதவில்லை. பிறகுதான் அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"விடிய டொக்டரிட்டைப் போவம்," என்றார்.

டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்போதைக்கு ஒண்டும் தெரியேல்லை. ஆனா இந்தத் தூள் உள்ளை போனா, காலம் போக என்ன செய்யுமெண்டு எனக்குச் சொல்லத் தெரியாது பிள்ளை. திரும்பப் படாமல் பாருங்கோ."

அந்த நேர்மைதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் அக்காவும் நானும் அந்தப் போத்தலைத் தொடமாட்டோம் என்று சொன்னோம். மனேஜர் கத்தினார், வேறு ஆட்களை எடுப்பேன் என்றார். நாங்கள் மற்ற வேலைகளைச் செய்தபடி இருந்தோம். ஒவ்வொரு காலையும், இன்று வேலையிலிருந்து நிற்பாட்டிவிடுவார்களோ என்ற நினைப்போடுதான் படியேறினேன். இதற்கிடையில் அக்கா விசாரித்ததில், அதே வெள்ளி தண்ணீரில் கலந்தும் வருகிறது என்று தெரியவந்தது. விலை கூட. ஆனால் பறக்காது. துணி அனுப்பவேண்டிய நாள் நெருங்கவே, மனேஜர் முகத்தைத் தூக்கிக்கொண்டு அதையே எடுப்பித்தார்.

இருமல் கொஞ்ச நாளில் நின்றது. வருடத்துக்கொரு தரம் எக்ஸ்ரே எடுக்கிறேன். நான் வெளியே வரும்வரை கணவர் எக்ஸ்ரே அறை வாசலில், வாங்கில் உட்கார்ந்திருப்பார். கதவு திறந்ததும் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்.