மாடியில் ஒரு தனி அடுப்பு

ஒரே அடுப்பில் ஆக்கிய சோற்றைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். எங்கள் கணக்கெடுப்புக் கையேட்டில் முதலில் வரும் விதி இதுதான். ரத்த உறவு, பட்டா, கதவு எண் எதுவும் இதற்கு முன்னால் செல்லாது. அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் இரண்டு உலை வைத்தால் இரண்டு குடும்பம். இந்த விதியைப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு ஆண்டுகளாக அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். ஒருமுறைகூட அது என்னைக் கைவிட்டதில்லை.

நான் ஓர் ஆய்வு நிறுவனத்தின் களப்பணியாளர். தேர்ந்தெடுத்த வீடுகளுக்குப் போய், யார் என்ன வேலை செய்கிறார்கள், சம்பளம் எவ்வளவு, அரசு உதவி என்னென்ன வருகிறது என்று கேட்டு டேப்லெட்டில் பதிவேன். ஒரு வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மொத்தம் நான்கு முறை. அதோடு அந்த வீட்டை விட்டுவிடுவோம். நாங்கள் கொண்டுவருவதை வைத்துப் பொருளாதாரம் படித்தவர்கள் ஏற்றத்தாழ்வைப் பற்றிக் கட்டுரை எழுதுவார்கள். அவர்கள் குடும்ப வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். வகுத்தால் எல்லோருக்கும் ஒரே அளவுதான் வரும். வீட்டுக்குள் அப்படித்தான் வருகிறதா என்று தெரிந்துகொள்ள யாராவது உள்ளே போய் உட்கார வேண்டும். உட்காருகிறவள் நான்.

டேப்லெட்டில் அடங்காததை எல்லாம் அன்றன்றைக்கே என் நாட்குறிப்பில் எழுதிவிடுவேன். அதில் பெயர்கள் கிடையாது. கீழே வருவது அதிலிருந்து எடுத்ததுதான்.

வேப்பம்பட்டில் ஒரு வீடு. கீழே இரண்டு அறையும் சமையலறையும். மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட ஓர் அறை. முதல் முறை போனபோது மாலை மூன்றரை மணி. வாசலில் அந்த வீட்டின் பெரியவர், இரண்டு மருமகள்களின் மாமியார், உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவர். வயல் மனையானபோது தன் சேமிப்பில் ஒரு மனை வாங்கிப் போட்டவரும் அவர்தான். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

"ரேஷன் கார்டு செக்கிங்கா மேடம்? வா, வா. தனி அடுப்பு கீது, வந்து பாரு."

இளைய மகனுக்குத் தனி ரேஷன் அட்டை கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். தனி அட்டை வேண்டுமென்றால் தனிச் சமையல் இருக்க வேண்டும், அதை யாராவது வந்து பார்ப்பார்கள் என்று காத்திருந்தார்கள். நான் போய் நின்றேன்.

"நான் ரேஷன் ஆபீஸ் இல்லம்மா. இது ஆராய்ச்சிக்காக. நீங்க சொல்றது எதுவும் அங்க போகாது" என்றேன். இதை நான் எல்லா வீட்டு வாசலிலும் சொல்வேன். அன்று இரண்டு முறை சொன்னேன்.

"அல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க" என்று மாமியார் படியேறிவிட்டார்.

மாடி அறையில் இளைய மருமகள் இருந்தாள். மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை. காலை ஆறு மணி ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள், யூனிபார்ம் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவள் கணவன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டுக்கு வந்தால் அதிகம். அறையின் மூலையில் ஒரு பலகைமேல் ஒற்றை பர்னர் அடுப்பு. கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. மேலே ஒரு குண்டான். நான் மூடியைத் திறக்கவில்லை. திறந்தால் காலியாக இருக்கும் என்று தெரிந்தது.

"இன்னிக்குச் சோறு எங்க ஆக்கினீங்க?" என்று கேட்டேன். 'எத்தனை குடும்பம்' என்று நேராகக் கேட்டால் வேறு பதில் வரும். அதனால் எப்போதும் இப்படித்தான் கேட்பேன்.

"மேலதான், மேலதான்" என்றார் மாமியார்.

படியில் நின்ற மூத்த மருமகள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. கீழேயிருந்து சாம்பார் வாசம் வந்துகொண்டிருந்தது.

சொன்னதைப் பதிவு செய், பார்த்ததைக் குறிப்பில் எழுது. இது இரண்டாவது விதி. இரண்டு குடும்பம் என்று பதிந்தேன். குறிப்பில், 'அடுப்பில் ஸ்டிக்கர் உரிக்கப்படவில்லை, ஐயம்' என்று எழுதினேன். இரண்டு குடும்பம் என்றால் இரண்டு படிவம். கீழ்க்குடும்பத்துக்கு மாமியார் தலைவி. மேலே, கணவன் பெரும்பாலும் வெளியில் சாப்பிடுவதால், இந்தப் பெண்தான் தலைவி. அவளைத் தனியாகக் கேட்கத் தொடங்கினேன். வேலை, நேரம், விடுப்பு, பி.எஃப். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள்.

"சம்பளம் யார் அக்கவுண்ட்ல வருது?"

"என்னோடதுல."

"ஏடிஎம் கார்டு யார்கிட்ட இருக்கு?"

அவள் வாயைத் திறப்பதற்குள், "எங்கிட்டதான் கீது, பத்திரமா வச்சிக்கீறேன்" என்றார் மாமியார். சொன்ன பிறகுதான் தனிக் குடித்தனம் நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். "இன்னா அத்தே நீங்க? தனியா கீறோம்னா கார்டு எங்கிட்டதானே இருக்கணும்? மேடம் கார்டைப் பாக்கணுமாம். எடுத்துகினு வாங்க."

நான் அப்படிக் கேட்கவில்லை. டேப்லெட்டிலிருந்து நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மாமியாரை மட்டும் பார்த்துக்கொண்டு கையை நீட்டியபடி நின்றாள். மாமியார் முனகிக்கொண்டே கீழே போய், ஒரு பழைய பர்ஸிலிருந்து கார்டை எடுத்து வந்து கொடுத்தார். அவள் அதைத் தன் செல்போன் உறைக்குள் செருகினாள். பிறகு உட்கார்ந்து, "அடுத்தது கேளுங்க மேடம்" என்றாள்.

நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. உண்மையை எடுத்துச் சொல்லவும் இல்லை. அன்று நாட்குறிப்பில் இதை இரண்டு தனித்தனி வரிகளாக எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் கூப்பிட்டார்.

"ஸ்டிக்கர் உரிக்கலன்னு எழுதியிருக்கீங்களே, இது என்ன கமென்ட் மேடம்? சந்தேகம்னா அந்த வீட்டையே எடுத்துடலாமா?"

"வேண்டாம் சார். அவங்க சொன்னது படிவத்துல இருக்கு, நான் பார்த்தது குறிப்புல இருக்கு. ரெண்டும் சரி. அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

அவர் விட்டுவிட்டார். என் படிவத்தில் எதையும் எடுக்கச் சொல்லி யாரும் என்னை இரண்டாம் முறை கேட்டதில்லை.

மூன்று மாதம் கழித்துப் போனேன். மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். மாடிப் படியில் காலை வைத்தபோதே ரசம் தாளிக்கும் வாசம் வந்தது. இந்த முறை மேலேயிருந்து. அடுப்பைச் சுற்றிப் பலகையில் எண்ணெய்க் கறை. ஸ்டிக்கர் கருகிப் பாதிதான் இருந்தது. மூத்தவளின் பிள்ளைகள் இரண்டு பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"கார்டு?" என்றேன். அந்தக் கேள்வி படிவத்தில் இருக்கிறது.

"எங்கிட்டதான் மேடம். மறுநாளே திருப்பிக் கேட்டாங்க. இன்னும் மூணு செக்கிங் கீது அத்தே, எப்ப வருவாங்கன்னே தெரியாதுன்னேன். வுட்டுட்டாங்க." சிரித்தாள். "அதுக்கோசரமே தெனமும் இங்க ஆக்குறேன். திடீர்னு நீங்க வந்து நின்னா இன்னா பண்றது?"

"நான் செக்கிங் இல்லம்மா. அன்னிக்கே சொன்னேனே."

"தெரியும் மேடம். வாசல்ல ரெண்டு வாட்டி சொன்னீங்க. நான் நம்புனேன். அவங்கதான் நம்பல."

அடுத்த கேள்விக்குப் போனேன். சம்பளம் வந்து இரண்டாம் நாள் மாமியாரிடம் கார்டை வாங்கிப் போய் எல்லாவற்றையும் எடுத்து வந்து அவர் கையிலேயே கொடுப்பது அதுவரை அவள் வழக்கம். பஸ் பாஸுக்கும் சீசன் டிக்கெட்டுக்கும் அதிலிருந்து கேட்டு வாங்க வேண்டும். கல்யாணமாகி ஏழு வருடம் அப்படித்தான். இப்போது வீட்டுச் செலவுக்கு என்று ஒரு பங்கைக் கொடுக்கிறாள். மீதி அவளிடம். எவ்வளவு என்பது படிவத்தில் இருக்கிறது, இங்கே வேண்டாம்.

மூன்றாம் முறை போனபோது தனி ரேஷன் அட்டை வந்துவிட்டிருந்தது. இனி யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. மாமியார் ஏடிஎம் கார்டை மறுபடி கேட்பார் என்று நினைத்தேன். ஆனால் அன்று வீட்டில் வேறு சண்டை. மூத்த மருமகள் திருநின்றவூர்ப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விடியற்காலையில் வேன் வந்து ஏற்றிக்கொள்கிறது. முந்தைய இரண்டு முறையும் அவளுக்கு 'வீட்டு வேலை மட்டும்' என்று பதிந்திருந்தேன். காரணம் என்ன என்று கேட்டேன். அதற்கும் படிவத்தில் இடம் உண்டு.

"காரணமா? மேல மகாராணி கார்டு வச்சிகினு கீறா. நான் மட்டும் கீழ குந்திகினு பாத்திரம் தேச்சிகினே சாவணுமா?" என்றாள் மூத்தவள். சத்தம் மாடிக்கும் கேட்க வேண்டும் என்றே சொன்னாள்.

"நீயும் வச்சிக்கோ, யாரு வேணாம்னா?" என்று மாடியிலிருந்து பதில் வந்தது.

"ரெண்டு பேரும் போய்ட்டீங்கன்னா எனக்கு யாருடி சோறு போடுவா?" என்றார் மாமியார் நடுவில்.

'காரணம்: வருமானம் தேவை' என்ற குறியீட்டைத்தான் போட்டேன். பட்டியலில் அதற்கு நெருக்கமாக வேறொன்றும் இல்லை. மூத்தவள் சொன்னதை அப்படியே குறிப்பில் எழுதினேன். பெண்கள் ஏன் வேலைக்கு வருகிறார்கள், ஏன் வருவதில்லை என்று பெரிய கூட்டங்களில் பேசுகிறார்கள். அந்தக் குறிப்பைப் படித்தால் பேச்சு கொஞ்சம் குறையும் என்பது என் எண்ணம்.

நான்காவது முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். இரண்டு பெண்களும் வேலைக்குப் போவதால் மற்ற நாட்களில் பிடிக்க முடியாது. மணி பன்னிரண்டே முக்கால். மாமியார் மாடி அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இளையவள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இது எத்தினியாவது தபா மேடம்?" என்றார் மாமியார்.

"நாலாவதும்மா. இதோட முடிஞ்சுது. இனிமே வர மாட்டேன்."

கரண்டி நின்றது.

"முடிஞ்சுதில்ல? அப்ப ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. மொத தபா வந்தியே, கார்டைப் பாக்கணும்னு நீ கேட்டியா?"

ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு செக்கிங் பாக்கி என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். என் பக்கம் கெஞ்சலாகப் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டவள் நான். என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை.

"கேக்கலம்மா" என்றேன்.

மாமியார் மெதுவாகத் திரும்பினார். "இன்னாடி?"

அவள் அடுப்பைத் தணித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "ஆமா அத்தே. மேடம் கேக்கல. நாந்தான் பொய் சொன்னேன். ஆனா கார்டைக் குடுக்க மாட்டேன். எட்டு மணி நேரம் நின்னுகினே சம்பாதிக்கிறது நான்."

"இத அன்னிக்கே நேரா கேக்கறதுக்கு இன்னா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

மாமியார் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"மாட்டேன்" என்றார். பிறகு, "சரி, சோத்தப் போடு. பசிக்குது" என்றார்.

அவள் தட்டு எடுத்தாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். நான் களத்தில் சாப்பிடுவதில்லை என்றேன். "செக்கிங் முடிஞ்சுதுல்ல மேடம், அப்பால இன்னா?" என்றாள். ஒரு டம்ளர் மோர் வாங்கிக்கொண்டேன்.

படிவத்தை முடிக்க வேண்டியிருந்தது. "அம்மா, நீங்க தினமும் எங்க சாப்பிடுறீங்க?" என்றேன்.

"ராத்திரி கீழ. காலீலயும் மதியமும் மேலதான். காலங்காத்தால இவ ஆக்கி வச்சிட்டுப் போயிடுறா. கீழ யாரு கீறா?"

மூன்று வேளையில் இரண்டு வேளை. விதி தெளிவானது. கீழ்க்குடும்பத்திலிருந்து அவரை எடுத்து மேல்குடும்பத்தில் சேர்த்தேன். என்ன செய்கிறேன் என்பதை எப்போதும்போல வாய்விட்டுப் படித்தேன். குடும்பத் தலைவி, இளைய மருமகள். அடுத்த உறுப்பினர், தலைவியின் மாமியார்.

மாமியார் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. "யாரு தலைவி?"

"உங்க மருமக."

"அப்ப நானு?"

"அவங்க குடும்பத்துல ஒருத்தர்."

மருமகள் குனிந்து குழம்பை ஊற்றினாள். சிரிக்கிறாளா என்று பார்க்க முடியவில்லை. மாமியார் உருண்டையை வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"எழுதிக்கோ" என்றார். "ஆனா ஊடு எம்பேர்ல கீது. அதையும் எழுது."

எழுதினேன். அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.