வரேன் என்று சொல்லிப் போகிற வீரர்கள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பாய் கடை வைத்து வளையல், ரிப்பன், பேனா எல்லாம் விற்றார். கடைக்குள் கயிறு கட்டிப் படக்கதைப் புத்தகங்களைத் தொங்கவிட்டு வாடகைக்கும் கொடுப்பார். புத்தகத்துப் பெண்களின் சட்டைக் கழுத்து கொஞ்சம் இறங்கியிருந்தால் போதும், நீலப் பேனாவால் அவரே தாவணி போட்டுவிடுவார். முத்தம் கொடுக்கும் கட்டத்தில் முழுக்க மை. அவர் மகள் என்னோடு பத்தாவது வரை படித்தவள். மதியம் அவர் தொழுகைக்குப் போனதும் நானும் அவளும் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடுவோம்.

எல்லாக் கதையிலும் வெள்ளைக்கார வீரனுக்கு ஒருத்தி இருப்பாள். கொள்ளைக்காரர்களை உதைத்துவிட்டு வந்து அவள் கையைப் பிடிப்பான். உடனே எங்கோ எவனாவது "காப்பாற்றுங்கள்" என்று கத்தித் தொலைப்பான். "வருகிறேன், கண்ணே!" என்று ஜன்னல் வழியாகக் குதித்துவிடுவான். அடுத்த புத்தகத்திலும் அவள் அதே ஜன்னலில் நிற்பாள். வயதும் ஏறாது, தாலியும் ஏறாது.

"அவ அவனுக்கு மாமா பொண்ணு. அதான் இப்டி காத்துக்கினு கீறா," என்றேன் ஒருநாள். எனக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. முறை இல்லாதவனுக்காக எவள் இத்தனை புத்தகம் காத்திருப்பாள்?

பாய் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "வெள்ளைக்காரனுக்கு ஏதுடி முறை? சும்மா லவ்வு. அவன் கட்டவே மாட்டான். கட்டிக்கினா கதை முடிஞ்சிடும் இல்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை என் அத்தை மகனுக்கென்று பேசி வைத்திருந்தார்கள். எனக்கும் அவரைத் தவிர வேறு நினைப்பு கிடையாது.

மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் யாருக்கு எது என்றாலும் அவர் பைக் போய் நிற்கும். எங்கள் நிச்சயதார்த்தத்தன்று ஏரிக்கரை கசிகிறது என்று ஆள் ஓடி வந்தது. தாம்பூலத் தட்டை அப்படியே வைத்துவிட்டு மண் மூட்டை தூக்கப் போனார். மறுபடி கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது, ஊர்க்கோடிக் குடிசையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி என்று வண்டி பிடித்துக் காஞ்சிபுரம் போய்விட்டார். அதை எப்படிக் குறை சொல்வது? குறை சொல்ல முடியாததுதான் எனக்கு எரிச்சல். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று "வரேன்டி" என்பார். எங்கள் பக்கம் யாரும் "போறேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டார்கள். அப்படிச் சொன்னால் ஒரேயடியாகப் போவதாக அர்த்தம்.

எனக்கு இருப்புக் கொள்ளாது. துவைத்த துணியையே மறுபடியும் துவைப்பேன். பைக் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினால் பால்காரர் போய்க்கொண்டிருப்பார். "இன்னாடி, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திக்கினு கீற?" என்று அம்மா திட்டுவாள்.

"நம்மூரு காவல் சாமிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பொண்டாட்டி. கூத்துல வில்லு புடிக்கிறவன் போற ஊர்லல்லாம் ஒருத்தியக் கட்டிக்கிறான். அவங்கல்லாம் ஊரைக் காப்பாத்தலியா?" என்று பாய் மகளிடம் கத்தினேன்.

"இந்தப் பொஸ்தகத்தானுங்களுக்குத்தான் ஒருத்தியக் கட்டவே பேஜாரு," என்றாள். அவளும் அன்று சிரிக்கவில்லை.

மூன்றாவது முறை முகூர்த்தம் குறிக்கப் பெரியவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் காத்திருந்தார்கள். மாமா வரவில்லை. பொழுது சாய்ந்த பிறகு சட்டையெல்லாம் குங்குமத்தோடு வந்தார். திருமுக்கூடல் கோயிலில் சினேகிதனுக்கு ரகசியக் கல்யாணம் நடத்தி வைத்துவிட்டு வந்திருக்கிறார்!

"பாவம், ஒருத்தர் மேல ஒருத்தர் உசுரையே வெச்சிக்கினு கீதுங்க. நான்தான் மாலை எடுத்துக் குடுத்தேன்," என்றார், முகமெல்லாம் பல்லாக. உட்காருவதற்குள் வெளியே யாரோ விசில் அடித்தார்கள். அந்தக் கல்யாணப் பெண்ணின் வீட்டார் தேடி வந்துவிட்டார்களாம். "வரேன்டி."

ஊரான் காதலுக்கு மாலை எடுத்துக் கொடுக்கிற கை, எனக்கு மட்டும் டாட்டா காட்டுகிறதே என்று பல்லைக் கடித்தேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் ஹாஸ்டலோடு வேலைக்குப் பெண்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் ஆகப்போகிறவள் என்று அதுவரை போகாமல் இருந்தேன். மறுவாரமே பையைக் கட்டினேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மாமாவின் பைக் வந்து நின்றது.

"எங்கடி கெளம்பிட்ட? தை பொறக்கட்டும், கண்டிப்பா முடிச்சிடலாம். நானே வந்து கூட்டிக்கினு வரேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"போறேன் மாமா."

வழியனுப்ப வந்த அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, இன்னா பேச்சு இது! வரேன்னு சொல்லுடி!"

மாமா பைக் இன்ஜினை அணைத்தார். எதிர்ப்பக்கம் எவனோ "அண்ணே, கொஞ்சம் ஓடியாங்க!" என்று கத்தினான். அவர் திரும்பவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் நகர்ந்தது. நான் மாற்றிச் சொல்லவில்லை.