பேங்க் வட்டியும் மகன் கொடுத்த வட்டியும்

என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் முப்பது வருசம் மிஷின் ஓட்டினார். ரிட்டையர் ஆனபோது வந்த பணத்தில் ஆறு லட்சத்தை என் பேரில் டெபாசிட் போட்டார். "நான் இல்லாட்டியும் நீ யார்கிட்டயும் போய் நிக்கக்கூடாது" என்றார். சொன்ன மறு வருசமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த வட்டியில்தான் என் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம். சிங்காரப்பேட்டையில் என் தங்கச்சி கைகால் விழுந்து படுத்திருக்கிறாள். மாசத்தில் ஒருநாள் பஸ் ஏறிப் போய், அவள் தலையணைக்கு அடியில் ஐந்நூறு ரூபாய் வைத்துவிட்டு வருவேன். வேறு எதைக் குறைத்தாலும் அதைக் குறைத்ததில்லை.

கொரோனா ஓய்ந்த சமயத்தில் டெபாசிட் முடிந்தது. திரும்பப் போட்டால் ஆறு சதவீதம்தான் என்றார்கள். மகன் அப்போது வீட்டு லோனுக்கு ஏழு சதவீதம் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"பேங்க் உனக்கு ஆறு குடுக்குது. என்கிட்ட ஏழு வாங்குது. நடுவுல ஒண்ணை அவன் சாப்பிடறான். உன் பணத்தை என் லோன்ல கட்டிடலாம்மா. பேங்க் என்ன குடுக்குமோ அதை மாசாமாசம் நான் குடுக்கறேன்."

"ஏறினா?"

"ஏறினா நானும் ஏத்தறேன். இனிமே நான்தான் உன் பேங்க்" என்று சிரித்தான்.

நான் நாலாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் கணக்கு வரும். ஆறு லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்றால் மாசம் ஐந்நூறு ரூபாய். ஆறு சதவீதத்துக்கு ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டு. சரியென்று கையெழுத்துப் போட்டேன். பேங்கிலே ஆறு லட்சத்துக்கு எனக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். மகனிடம் தாள் வாங்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், எனக்கு வாய் வராது.

முதல் தேதி தவறாமல் ஆறு நோட்டு கொடுத்தான். ஒரு வருசம் அப்படியே போனது. பிறகு வட்டி ஏறியது. எதிர் வீட்டு டீச்சரம்மா, "இப்ப வயசானவங்களுக்கு ஏழரை தர்றாங்க, உங்களுக்கு எவ்வளவு வருது?" என்று கேட்டார். அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன். மகனிடம் கேட்க எனக்கு மூன்று நாள் ஆனது.

"என்னம்மா நீ, என் லோன் ஒன்பதுக்குப் போயிடுச்சு. லோன் முடியறது அஞ்சு வருசம் தள்ளிப் போச்சு. நானே முழி பிதுங்கி நிக்கறேன், நீ வேற."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. வட்டி ஏறினால் கடன் வாங்கினவனுக்குக் கஷ்டம், போட்டு வைத்தவளுக்கு நல்லது. போட்டு வைத்தவள் பெத்தவளாகவும் இருந்துவிட்டால் என்ன செய்வது? அடுத்த முதல் தேதியும் அதே ஆறு நோட்டை வாங்கிக்கொண்டேன். என் ஆறு லட்சத்தைக் கட்டியிருக்காவிட்டால் அதற்கும் அவன் ஒன்பது சதவீதம் கட்டியிருக்க வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்த வருசம் ஒரு முதல் தேதி, கையில் ஐந்து நோட்டுதான் வந்தது.

"ஒண்ணு குறையுதேப்பா."

"வட்டி இறங்கிடுச்சும்மா, டிவியில பாக்கலையா? பேங்க் குடுக்கறதுதானே நம்ம பேச்சு?"

பேச்சு அதுதான். அந்த மாசம் நான் சிங்காரப்பேட்டைக்குப் போகவில்லை. கால் வலி என்று தங்கச்சிக்குப் போன் செய்தேன்.

"காலா, காசா அக்கா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் பாஸ்புக்கில் வரவு பதிய வேண்டுமென்று சொல்லிக்கொண்டு தனியாகப் பேங்குக்குப் போனேன். கவுண்ட்டரில் கன்னடம் பேசுகிற ஒரு பொண்ணு. என் குரல் அவளுக்குக் கேட்கவில்லை.

"கொஞ்சம் ஜோரா சொல்லுங்கம்மா."

"வயசானவங்களுக்கு இப்ப என்ன வட்டி?"

"ஏழு. ஏழரை இருந்தது, இறங்கிடுச்சு."

"இறங்கினதே ஏழா?"

"ஆமாம்மா. லோனுக்கும் இறங்கியிருக்கு. உங்க வீட்ல லோன் இருக்குதா?"

"மகனுக்கு."

"அப்ப அவருக்கு நல்லதுதான்!"

வெளியே வந்தும் எனக்கு ரோட்டைத் தாண்டத் தோன்றவில்லை. ஏழரைக்கு ஏறியபோது எனக்கு ஆறு. ஏழுக்கு இறங்கியபோது எனக்கு ஐந்து. ஏறினபோது தன் லோனைக் காட்டினான். இறங்கினபோது பேங்கைக் காட்டினான், தன் லோன் இறங்கினதை மட்டும் வாயே திறக்கவில்லை. டிவி பார்க்கவில்லையா என்று கேட்டானே, அதுதான் என்னைக் குடைந்தது. எனக்குத் தெரியாது என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறான்.

அன்று சாயங்காலம் மருமகள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மகனும் இருந்தான். சொல்லிவிட்டேன்.

"பேங்க்ல இப்ப ஏழாம்."

"யார் சொன்னது?" என்று பெண்டாட்டியைத்தான் பார்த்தான்.

"நானே போய்க் கேட்டேன்."

அவன் முகம் மாறியது. "மூணு வேளை சோறு, கரண்ட்டு, ஆஸ்பத்திரி, இதுக்கெல்லாம் நான் உன்கிட்ட கணக்குப் பாத்தேனா?"

மருமகள்தான் பேசினாள்.

"அப்ப அத்தை சமைக்கறதுக்கும் சேத்துப் போடுங்க. ஏறினப்ப ஏத்தல, இறங்கினப்ப மட்டும் பேங்க் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"நீ யார் பக்கம்?"

"நாளைக்கு நானும் ஒரு பிள்ளைகிட்டதான் நிக்கணும்."

அவன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த முதல் தேதி ஆறு நோட்டு கொடுத்தான். ஏழு இல்லை. ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில், சந்தையில் காய்க்குப் பேரம் முடிப்பது போல முடித்துவிட்டான். வாங்கிக்கொண்டேன். தங்கச்சி நினைப்பு இருந்ததால் வாங்கிக்கொண்டேன். ஆனால் அன்று அவன் நகர்வதற்குள் இன்னொன்றும் கேட்டேன்.

"என் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் குடுப்பா. என் பேர்ல போட்டுக்கறேன்."

"லோன் முடியட்டும்மா. மொத்தமா தந்துடறேன்."

"எப்ப முடியும்?"

போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இன்னும் பதினாலு வருசம்."

எனக்கு அறுபத்தொன்பது. போன வாரம் ஆஸ்பத்திரிச் சீட்டில் அந்த வயசைச் சொல்லி எழுத வைத்தவனே அவன்தான்.